பன்னிரண்டு கூடை

அம்சவேணிக்குச் சனிக்கிழமை என்பது வெள்ளிக்கிழமை மத்தியானமே ஆரம்பித்துவிடும். பன்னிரண்டு மூங்கில் கூடைகளையும் வாசலில் கவிழ்த்துப் போட்டுத் தட்டுவாள். போன வாரத்து மண்ணும் சருகும் உதிரும். பிறகு நிமிர்த்தி வைத்து, அடியில் வாழை இலையைக் கிழித்து விரிப்பாள். ஒவ்வொரு கூடைக் காதிலும் ஒரு துணிக்கிழிசல் கட்டியிருக்கும். சிவப்புத் துணி கீழே சேந்தமங்கலத்துத் தாஹிரா பீவி வீட்டுக்கு, பச்சை அவர்கள் எதிர்வீட்டுக்கு, பூப்போட்டது தெருமுனை டெய்லர் வீட்டுக்கு என்று பன்னிரண்டு வீட்டுக்கும் பன்னிரண்டு துணி. எல்லாம் அவளுடைய பழைய சேலைகள். "சேந்தமங்கலத்துல ஒரு தெரு பூராவும் எம்பொண்டாட்டி சேலதான் பறக்குது" என்று மாதேஸ்வரன் கிண்டல் செய்வான்.

கிண்டல் செய்ய அவன் வீட்டில் இருந்தான் என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

எட்டு வருடமாக அவன் பாதி வருடப் புருஷன். கார்த்திகை முதல் வாரத்தில் மேஸ்திரி அண்ணாமலையின் வேன் ஊருக்கு மேலே ரோட்டில் வந்து நிற்கும். குடகுப் பக்கம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்க ஆள் ஏற்றிக்கொண்டு போகும். காப்பி முடிந்தால் மிளகு. திரும்பி வரச் சித்திரை ஆகிவிடும். சொந்த மலையில் மிளகு பழுத்து நிற்கும்போது அடுத்தவன் மலையில் ஏணி போட்டுப் பறிக்கப் போகிறவனை என்ன சொல்வது? ஒன்றும் சொல்ல முடியாது. நாலு மரத்துக் கொடியை நம்பி ஆறு மாதம் யாரால் உட்கார்ந்திருக்க முடியும்? ஊரில் பாதி வீடு அப்படித்தான். மார்கழியில் அந்த ஊரில் ஆண் குரல் கேட்க வேண்டுமென்றால் டீக்கடை ரேடியோவைத்தான் திருகவேண்டும்.

அம்சவேணி அதற்கெல்லாம் பழகிவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மூட்டையைத் தனியாகத் தலைக்கு ஏற்றிக்கொள்ளப் பழகினாள். முதலில் கல்மேல் வைத்து, அப்புறம் குனிந்து முதுகில் வாங்கி, பிறகு தலைக்கு. ஓட்டில் ஒழுகினால் ஏணி வைத்து ஏறிச் சரிசெய்யப் பழகினாள். ஒரே மகள் தேன்மொழி செம்மேட்டில் விடுதியில் தங்கி நாலாவது படிக்கிறாள். சனி ஞாயிறு போனில் பேசும்போது அந்தப் பிள்ளை கேட்கிற முதல் கேள்வி, "அப்பா இருக்குதாம்மா?" என்பதுதான். இருக்கிறார், இல்லை என்று பதில் சொல்லவும் பழகினாள். பழகாதது ஒன்றே ஒன்றுதான். அவன் போன மறுநாள் அவனுடைய லுங்கி ஒன்று துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். அதை எடுத்து மடிக்க மட்டும் அவளுக்கு ஒரு வாரம் ஆகும். மழையில் நனைந்தால் நனையட்டும் என்று விட்டுவிடுவாள்.

இந்த வருடம் ஆடியில்தான் தாஹிரா பீவி மலைக்கு வந்தார். சேந்தமங்கலத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் ஜாபர் உசேனின் மனைவி. அருவிக்குக் குடும்பத்தோடு வந்தவர்கள் வழியில் பலாப்பழத்துக்கு வண்டியை நிறுத்தினார்கள். அம்சவேணி சுளை எடுத்துக் கொடுத்தாள். கூடவே, வெயிலில் வந்திருக்கிறார்களே என்று சாமைக் கஞ்சியும் வெங்காயமும் கொடுத்தாள். தாஹிரா பீவி இரண்டு சொம்பு குடித்தார். மூன்றாம் வாரம் மருமகள் சபீராவை அழைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். வளைவுகளில் மூன்று இடத்தில் வாந்தி எடுத்த முகத்தோடு கட்டிலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, விஷயத்தைச் சொன்னார்.

"எங்க தெருவுல பன்னண்டு ஊடு சேந்திருக்கறோம். ஆறு மாசத்துக்கு உண்டானதை இப்பவே குடுத்தர்றோம். வாராவாரம் உங்க காட்டுல என்ன இருக்குதோ அது எங்களுக்குக் கூடையில வரோணும். இது வேணும் அது வேணும்னு கேக்க மாட்டோம். நல்லா வெளஞ்சா நெறைய. வெளையலைன்னாக் கொஞ்சம். மழை பேஞ்சு கெட்டுப்போனா உங்களுக்கு மட்டுமா நட்டம், எங்களுக்குந்தான். அதுக்குத்தான் பங்குன்னு பேரு. எம்பையன் போன்ல காட்டுனான், வெளியூர்ல எல்லாம் இப்படிப் பண்றாங்களாமா."

"உங்களுக்கே மண்டி இருக்குதுங்களே பாயம்மா" என்றாள் அம்சவேணி.

"அதைத்தான் எங்க ஊட்டுக்காரரும் கேக்கறாரு. மண்டிக்காரன் பொண்டாட்டி மலையில போய்க் காய் வாங்கறாளான்னு. சிரிச்சாச் சிரிக்கட்டும். எனக்கு அந்தக் கஞ்சி வேணும்."

அன்று சாயங்காலம் மாதேஸ்வரன் நெடுநேரம் யோசித்தான். காட்டைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்தான். "கார்த்திகை வரைக்கும் பன்னண்டு கூடையும் நிக்காம எறங்கட்டும். எறங்கிச்சுன்னா நான் எதுக்கு வேனேறப் போறேன்" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். அம்சவேணி அதைத் தாலிக்கு அடுத்தபடியாக முடிந்துவைத்துக்கொண்டாள்.

ஆவணியில் கூடைக்கு இடம் போதவில்லை. அன்னாசி, கொய்யா, அவரை, பச்சை மிளகாய், ஒரு படி பழைய சாமை. புரட்டாசியில் வாழைச் சீப்பும் எலுமிச்சையும். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கூடைகளை ஏற்றிவிடுவார்கள். கண்டக்டர் பிரேம் பின்சீட்டுக்குக் கீழே அடுக்கிக்கொள்வான். சேந்தமங்கலத்தில் தாஹிரா பீவி ஆள் வைத்து இறக்கிக்கொள்வார். சாயங்கால பஸ்ஸில் வெறுங்கூடைகள் மேலேறி வரும். மாதேஸ்வரன் வேலி கட்டினான், கிழங்குக்கு மண் அணைத்தான், சாமைக் காட்டில் காவல் பரண் போட்டான். மூட்டையைத் தூக்கும்போது அந்தப் பக்கம் ஒரு கை இருந்தது. அந்தக் கை வரும்போதெல்லாம் அம்சவேணிக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. கார்த்திகை, கார்த்திகை என்று மனசு நாள் எண்ணிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் படுத்திருக்கிறவனுக்காக ஏங்குவது என்ன ஏக்கமோ, அவளுக்கே விளங்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. நாள் முழுக்க மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது போல இருந்தது. அவரைப் பூ அத்தனையும் கொட்டியது. வாழை இரண்டு தாரோடு ஒடிந்து விழுந்தது. சாமைக் கதிர் பால் பிடிக்கிற பருவம், அதைத் தொட முடியாது. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி கைகொடுக்கும் என்று நம்பியிருந்தார்கள். ஒரே ராத்திரியில் பன்றிக்கூட்டம் கீழ்ப்பாத்தி முழுவதையும் உழுதுவிட்டுப் போனது. மிச்சம் இருந்தது ஓடையோரத்தில் கொஞ்சம் சேப்பங்கிழங்கும், தானாக முளைத்த கோழிக்கீரையும், பழுக்காத பத்துப் பதினைந்து வாழைக்காயும்தான்.

கொஞ்சம் விளைந்தால் கொஞ்சம் என்று பேசியதுதான். தாஹிரா பீவியின் வாயாலேயே வந்த பேச்சு. ஆனால் அம்சவேணியின் ஊரில் வெறுங்கூடை வாசலைத் தாண்டாது. இரவல் வாங்கிய முறத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால்கூட ஒரு பிடி தானியம் போட்டுத்தான் கொண்டுபோவார்கள். கூடை வெறுமனே வெளியே போவது எழவு வீட்டில் மட்டும்தான். கூடை நிறையாத வாரத்தில் மாதேஸ்வரன் வேனேறுவான் என்பது வேறு இருந்தது. இரண்டும் சேர்ந்து அவள் கழுத்தைப் பிடித்தன.

வியாழக்கிழமை, தேன்மொழியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று செம்மேட்டுக்குப் போனாள். பிள்ளையைப் பார்க்கவும் பார்த்தாள், பொய்யில்லை. பார்த்துவிட்டுச் சந்தைக்குள் நுழைந்தாள். கீழேயிருந்து வேனில் ஏறிவந்த முட்டைக்கோசும், காரட்டும், மஞ்சள் பூசணியும் குவிந்து கிடந்தன. அந்தப் பூசணியை அங்கே அரசாணிக்காய் என்பார்கள். சின்னக் காயாகப் பார்த்துப் பன்னிரண்டு பொறுக்கினாள், கூடவே பன்னிரண்டு முட்டைக்கோசும் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பார்த்தால், ஒவ்வொன்றும் சந்தைக்காய் என்று பளபளவென்று கூவியது. காயில் எடையை வேறு நீல மையில் எழுதியிருந்தார்கள். தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. மாதேஸ்வரன் பரணில் காவலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, புழக்கடைச் செம்மண்ணைக் குழைத்து, குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போலப் பன்னிரண்டு காய்க்கும் பூசினாள். அப்போதுதான் கொடியிலிருந்து அறுத்தது போல ஆகிவிட்டன. முட்டைக்கோசின் மேல் இலைகளை உரித்து ஆட்டுக்குப் போட்டாள். தன் புத்தியை மெச்சிக்கொண்டாள் என்றுகூடச் சொல்லலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் பிரேம் கூடைகளை இறக்கினான். பன்னிரண்டும் வந்திருந்தன. இரண்டில் மட்டும் துணி இல்லை.

"பாயம்மா உங்களை நேர்ல ஒருக்கா வரச் சொன்னாங்கக்கா" என்றான் பிரேம். "கோவமாத்தான் இருந்தாங்க. ஆனா எனக்கு டீ குடுத்தாங்க."

திங்கட்கிழமை அவள் இறங்கிப் போனாள். எழுபது வளைவும் அவளுக்குப் புதிதில்லை. அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு வளைவையும் எண்ணிக்கொண்டே இறங்கினாள். மண்டித் தெருவுக்கு அடுத்த தெரு. தாஹிரா பீவிதான் கதவைத் திறந்தார்.

"உக்காரு. டீ குடிச்சியா?"

"குடிச்சனுங்க."

"பொய்யி. பஸ்ஸு வந்து பத்து நிமிசங்கூட ஆவல. சபீரா, ஒரு டீ போடு கண்ணு."

உள்ளேயிருந்து, "சரிங்க மாமி" என்று சபீராவின் குரல் வந்தது.

தாஹிரா பீவி எழுந்து போய் ஒரு அரசாணிக்காயைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். வெட்டாத முழுக்காய். கழுவித் துடைத்திருந்தது.

"இது எந்தக் காட்டுல வெளஞ்சுது?"

அம்சவேணி காயைப் பார்க்கவில்லை. "எங்க காட்டுலதாங்க."

"மண்ணு உங்க காட்டு மண்ணுதான், அதை நான் இல்லைங்கல. கழுவுனேன், செவப்பா ஓடுச்சு. ஓடி முடிஞ்சதும் இது நின்னுச்சு." காயைத் திருப்பினார். நீல மையில் இரண்டு, பக்கத்தில் எழுநூறு. "இந்த ஏழாம் நம்பரைப் பாரு. இடுப்புல ஒரு கோடு இருக்குதா? ஊர்ல ஒருத்தரும் அப்படிப் போட மாட்டாங்க. நிக்காஹ் முடிஞ்ச புதுசுல எனக்கு லெட்டர் எழுதுனா தேதியில இந்தக் கோடு இருக்கும். இருபத்தெட்டு வருசமாப் பாக்கறேன். இது எங்க ஊட்டுக்காரரு கையெழுத்து."

அம்சவேணி இப்போதுதான் காயைப் பார்த்தாள்.

"செவ்வாக்கெழம எங்க மண்டியில எடை போட்டுச் செம்மேட்டு வியாவாரிக்கு ஏத்தியுட்டது. எழுவது வளைவு ஏறிச்சு. நீ மண்ணைப் பூசுன. மறுக்கா எழுவது வளைவு எறங்கி எங்கூட்டுக்கே வந்து சேந்திருச்சு. மண்டிக்கும் எங்கூட்டுக்கும் நாலு எட்டு. அது பாட்டுக்கு உருண்டே வந்திருக்கும்."

அடுக்களையில் சபீரா சிரிப்பை அடக்கி இருமினாள்.

"நீ சிரி" என்றார் தாஹிரா பீவி உள்ளே பார்த்து. "உம்மாமனார் சிரிச்சது போதாதா? சோத்துத் தட்டைத் தள்ளி வெச்சுட்டுச் சிரிச்சாரு அம்சவேணி. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். மறுநா மண்டியில எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சாரு. இந்தப் பன்னண்டு ஊட்டையும் நான் ஒவ்வொரு படியா ஏறிச் சேத்தேன். மலையில ஒரு புள்ள இருக்குது, கை சுத்தம், மனசு சுத்தம்னு சொல்லிச் சேத்தேன். டெய்லரூட்டுலயும் மாடியூட்டு டீச்சரும் துணியை அவுத்துட்டாங்க. அவுக்கறப்ப என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே அவுத்தாங்க."

டீ வந்தது. அம்சவேணி டம்ளரைத் தொடவில்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள்.

"காட்டுல ஒண்ணுமில்லீங்க பாயம்மா. பூவெல்லாம் கொட்டிப்போச்சு. கெழங்கைப் பன்னி தின்னுருச்சு."

"ஒண்ணுமே இல்லையா?"

"சேப்பங்கெழங்கு கொஞ்சம். கீரை. வாழக்கா பத்துப் பதினஞ்சு."

"அதைப் போட வேண்டியதுதான?"

"அதைப் போட்டாக் கூடையில அடி தெரியுதுங்க. எங்கூர்ல வெறுங்கூடை வாசலைத் தாண்டக் கூடாதுங்க. எழவு ஊட்டுல மட்டுந்தான் தாண்டும். அடி தெரியக் கூடையை அனுப்புனா என்னை என்னன்னு நெனப்பீங்க?"

"கொஞ்சமா வெளஞ்சிருக்குதுன்னு நெனப்பேன். வேறென்ன நெனைக்கறது? அதைத்தான பேசுனோம்? நான் கஞ்சி குடிச்ச ஊட்டுல மழை பெருசுன்னா அது எனக்குத் தெரிய வேண்டாமா? நீ எனக்கு முட்டக்கோசு குடுக்கற. முட்டக்கோசு எங்கூட்டுல மாடு திங்குது." தாஹிரா பீவிக்குக் கோபம் இப்போதுதான் நிஜமாக வந்தது. கோபத்தோடு கண்ணும் கலங்கியது. "என்னைச் சந்தைக்காரியாட்டம் நெனச்சுட்ட பாரு, அதுதான் எனக்கு ஆறல."

"அது மட்டுமில்லீங்க" என்றாள் அம்சவேணி. சொல்லிவிட்டு நிறுத்தினாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பன்னண்டு கூடை நிக்காம எறங்குனாத்தான் எங்க ஊட்டுக்காரரு நிப்பாருங்க. இல்லாட்டிப் போயிருவாரு. இன்னும் பத்து நாள்ல வேன் வருது."

"எங்க போவாரு?"

"குடகுக்கு. சித்திரை வரைக்கும்."

வாசலில் பால்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். ஒருவரும் எழவில்லை. அடுக்களை நிலையில் சபீரா வந்து நின்றாள். அவள் புருஷன் ஷாகிர் குவைத்துக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. கல்யாணத்துக்குப் பிறகு நாற்பது நாள்தான் கூட இருந்தான்.

"முட்டக்கோசு வாங்கி வெச்சா நிப்பாருன்னு யாராச்சும் எனக்குச் சொல்லியிருந்தா, நான் மண்டியவே வாங்கி வெச்சிருப்பேன்க்கா" என்றாள் சபீரா. யாரையும் பார்க்காமல் சொன்னாள். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போக வந்தவள், நிறைந்த டம்ளரையே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தாஹிரா பீவி மருமகள் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"பத்து ஊடு இருக்குது. அவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். வர்ற சனிக்கெழம காட்டுல என்ன இருக்குதோ அது மட்டும் வரட்டும். ஒரு கெழங்குன்னா ஒரு கெழங்கு. அந்தப் பத்துப் பேரும் அதை வாங்கிக்குவாங்க. ஆனா உம்பட புருசனை நிறுத்தற வேலைய எங்க தெரு தலையில கட்டாத கண்ணு. அது எங்களால ஆவாது."

அந்த அரசாணிக்காயை அவளிடமே கொடுத்து அனுப்பினார். கோபத்திலா பிரியத்திலா என்று அம்சவேணிக்குத் தெரியவில்லை. அவள் மடியில் உட்கார்ந்து, இரண்டாவது தடவையாக அது மலையேறியது.

வீட்டில் மாதேஸ்வரன் அடுப்பு பற்றவைத்துச் சோறு வடித்திருந்தான். அம்சவேணி கால்கூடக் கழுவாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சந்தை, மண், நீல மை, துணி அவிழ்த்த இரண்டு வீடு. அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நம்ம ஆடு முட்டக்கோசு தின்னு நான் பாத்ததில்ல" என்றான் கடைசியில். "வெள்ளிக்கெழம தின்னுச்சு."

"தெரியுமுங்களா?"

"தெரியும்."

"ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு பாத்தேன்."

இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். கீரையும் சோறும். மாதேஸ்வரன் கை கழுவும்போது, "அப்ப கூடை பத்தாயிருச்சு" என்றான். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு அண்ணாமலையண்ணனப் பாத்து, நானும் வாரேன்னு சொல்லிட்டு வந்தர்றேன்" என்றான். சொல்லிவிட்டு அவள் பக்கம் பார்த்தான்.

"செரிங்க" என்றாள் அம்சவேணி.

அந்தச் 'செரி' அவளுக்கு எங்கிருந்துதான் வருமோ! நெஞ்சில் ஒரு மலை உருளும்போது வாயில் செரி வருகிற பிறவி. எட்டு வருடமும் அதே செரிதான். செரி என்று சொல்லிவிட்டு ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் போடுவாள், பைக்கு ஜிப்பு சரியாக இருக்கிறதா பார்ப்பாள், எலுமிச்சை ஊறுகாய் போடுவாள். புருஷனை அனுப்புவதில் அவளைப்போல் சுறுசுறுப்பு யாருக்கும் வராது. அந்த வாரமும் அப்படித்தான் செய்தாள். மழை விட்டிருந்தது. சாமைக் கதிர் தலை சாயத் தொடங்கியிருந்தது. அறுப்புக்கு இன்னும் மூன்று வாரம். அறுக்க அவள் மட்டும்தான் இருப்பாள். வேன் முன்கூட்டியே, அந்தச் சனிக்கிழமையே வருகிறது என்று புதன்கிழமை தகவல் வந்தது. அதற்கும் செரி என்றாள். அடுப்பை ஊதுகிற சாக்கில் கொஞ்சம் அழுதாள்.

சனிக்கிழமை விடிந்ததும் பத்துக் கூடைகளை வாசலில் வைத்தார்கள். ஓடையோரத்தில் தோண்டிய சேப்பங்கிழங்கைப் பங்கு போட்டால் கூடைக்கு இரண்டு கை வந்தது. ஒரு பிடி கோழிக்கீரை. ஒரு வாழைக்காய். வாழை இலையைத் தாண்டி மூங்கில் பின்னல் நன்றாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பாப்பாயி பல் விளக்கிக்கொண்டே வந்தவள், கூடைகளைப் பார்த்ததும் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தாள்.

"யாரு போய்ட்டா?"

"யாரும் போவலீங்க அக்கா. பங்குக்கூடை."

"இதா? அடி தெரியுதே அம்சவேணி. பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"கொஞ்சமா வெளஞ்சுதுன்னு சொல்லுவாங்க" என்றாள் அம்சவேணி. சொல்லும்போது நாக்கு கூசியது. ஆனாலும் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு, இத்தனை நாள் தலையில் இருந்த ஏதோ ஒன்றை இறக்கி வைத்தது போல இருந்தது. கூடைகளைத் தூக்கி வாசலைத் தாண்டினாள். ஒன்றும் இடிந்து விழவில்லை.

மாதேஸ்வரன் ஒரு தோளில் துணிப்பையும், தலையில் ஐந்து கூடையுமாகக் கூட வந்தான். கனம் இல்லாததால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ள முடிந்தது. ரோட்டில் வேன் முன்னமே வந்து நின்றிருந்தது. உள்ளே ஏழெட்டுப் பேர் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாமலை முன்சீட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். முதலில் பஸ் வந்தது. பிரேம் கூடைகளை வாங்கினான்.

"என்னக்கா, இன்னிக்குக் காத்தா?"

"ஆமா. மலைக்காத்து. சிந்தாமக் கொண்டு போ."

பிரேம் சிரித்துக்கொண்டே விசில் கொடுத்தான். பஸ் வளைவில் இறங்கி மறைந்தது.

அம்சவேணி சோற்றுப் பொட்டலத்தை மாதேஸ்வரன் கையில் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு, "தேனுகிட்டச் சொல்லிரு" என்றான். "செரிங்க" என்றாள். அவன் ரோட்டைக் கடந்தான். பையை உள்ளே போட்டான். ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தான்.

"மாமா" என்று கூப்பிட்டாள் அம்சவேணி.

வேனில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். பயணம் கிளம்புகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடுவதா? அண்ணாமலை வெற்றிலையைத் துப்பினார். "என்ன புள்ள, பொறப்படற நேரத்துல பின்னால கூப்புடற? புதுப் பழக்கமா இருக்குது?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. "போவ வேண்டாங்க" என்றாள். நிறுத்தினால் இனி எந்த ஜென்மத்திலும் வராது என்று தெரிந்ததால் நிறுத்தாமல் சொன்னாள். "கூடை பத்துதான். அதுலயும் ரெண்டு கை கெழங்குதான். எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல. இருந்தாலும் போவ வேண்டாம். எனக்கு நீங்க ஊட்டுல வேணும்."

மாதேஸ்வரன் படியில் வைத்த காலோடு அப்படியே நின்றான். பிறகு உள்ளே கையை விட்டுப் பையை எடுத்தான். "அண்ணா, நான் வரல" என்றான்.

"டேய், எஸ்டேட்டுல இத்தன ஆளுன்னு கணக்குச் சொல்லியிருக்கறேன்டா."

"கொறையட்டும்ண்ணா."

அண்ணாமலை என்னென்னவோ திட்டினார். வேன் கிளம்பியது. புகை அடங்கும் வரை இருவரும் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள். அப்புறம் வீட்டுப் பக்கம் நடந்தார்கள். அவன் முன்னால், அவள் இரண்டடி பின்னால். சாமைக் காடு தெரிகிற திருப்பத்தில் அவன் நின்றான்.

"எட்டு வருசமா அந்தப் படியில காலை வெச்சுட்டுச் சித்த நேரம் நிப்பேன். பாத்திருக்கறயா?"

"பாத்திருக்கறனுங்க. செருப்புல மண்ணைத் தட்டறீங்கன்னு நெனச்சேன்."

"மண்ணெல்லாம் தட்டல."

அவளுக்கு நடை நின்றுவிட்டது. "போறவங்களப் பின்னால கூப்புடக் கூடாதுங்களே" என்றாள்.

"கூடாதுதான்."

"கூப்புட்டிருந்தா நின்னிருப்பீங்களா?"

மாதேஸ்வரன் பொய் சொல்லத் தெரியாதவன். யோசித்துத்தான் சொன்னான். "எல்லா வருசமும் தெரியல. முத வருசம் நின்னிருப்பேன். தேனு அப்பத்தான் நடை பழகிக்கிட்டிருந்தா."

அம்சவேணி ஈரம் என்றுகூடப் பார்க்காமல் வழியோரத்துக் கல்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவன் போகவில்லை, கண்முன்னால் நிற்கிறான், ஆசைப்பட்டது கையில் கிடைத்துவிட்டது. அவளோ எட்டுக் கார்த்திகைக்கும் சேர்த்து அழுதாள். தேன்மொழி நடை பழகிய அந்தக் கார்த்திகைக்காக அதிகமாக அழுதாள். ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். மாதேஸ்வரன் பையைக் கீழே வைத்தான். சோற்றுப் பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றான். அவளை எழுந்திரு என்று அவன் சொல்லவில்லை. அவசரமாகப் போக வேண்டிய இடம் அவனுக்கு எதுவும் இருக்கவில்லை.